கைக்கு வளையும் எடிட்டர்: மார்டள்ளிப் பக்கத்துக் கேள்விகள்

இம்முறை மார்டள்ளி, சந்தனபாளையம், கோபிநத்தம், ஹனூர் என்று ஒரே வட்டாரத்திலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. எல்லாமே கம்ப்யூட்டரில் எழுதுவது பற்றி. மற்ற ஊர் வாசகர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம், காலேஜில் இங்கிலீஷ். மூன்றையும் ஒரே ஃபைலில் எழுத வழி உண்டா அண்ணா?
(பி.காம். மாணவி, மார்டள்ளி)

உண்டு தங்கச்சி. ஈமேக்ஸ் என்று ஒரு எடிட்டர். இலவசம். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். தமிழ், கன்னடம் இரண்டுக்கும் கீபோர்டு அதற்குள்ளேயே இருக்கிறது. ஒருமுறை தமிழைத் தேர்ந்தெடுத்துவிட்டால், கன்ட்ரோலையும் பின்சாய்கோட்டையும் சேர்த்து அழுத்தினால் தமிழ், மறுபடி அழுத்தினால் இங்கிலீஷ். கன்னடத்துக்குப் போக இன்னொரு கட்டளை. கம்ப்யூட்டரின் செட்டிங்ஸைத் தொடவே வேண்டாம்.

திறந்ததும் கன்ட்ரோல்-எச் அழுத்தி, கையை எடுத்து, வெறும் எச் அழுத்துங்கள். உலக மொழிகளின் வணக்கம் எல்லாம் வரிசையாக வரும். நம் ‘வணக்கம்’ அதில் இருக்கிறது, கன்னடத்தின் ‘நமஸ்கார’வும் இருக்கிறது. இரண்டும் உடையாமல் ஒழுங்காகத் தெரிந்தால் உங்கள் கம்ப்யூட்டர் தயார். உடைந்து தெரிந்தால் பதிப்பைப் பாருங்கள். 2020-ல் வந்த 27-ஆம் பதிப்பிலிருந்துதான் ஹார்ஃபஸ் என்ற எழுத்துக் கோக்கும் நிரல் ஈமேக்ஸுக்குள் வந்தது. கொம்பும் காலும் அதனதன் இடத்தில் உட்கார அதுதான் காரணம். அதற்கு முந்தைய பதிப்பு வேண்டாம்.

உங்கள் ஊருக்கு இந்தக் கேள்வி பழையது. உங்கள் ஊர் அடங்கியிருந்த கொள்ளேகால் தாலுகா 1956 அக்டோபர் 31 வரை சென்னை மாநிலத்தின் கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மறுநாள் மைசூர் மாநிலத்துக்குப் போனது. 1997-ல் மைசூர் மாவட்டத்தைப் பிரித்தபோது சாமராஜநகர் மாவட்டமானது. எல்லை மாறியது, அடுப்படியில் பேசும் மொழி மாறவில்லை. மூன்று மொழியில் யோசிக்கிற பிள்ளைகள் மொழிக்கு ஒரு சாஃப்ட்வேராக அலையக் கூடாது என்பது என் கட்சி. இந்தப் பக்கம் முழுக்க அதைத்தான் பேசப் போகிறேன்.

கேள்வி: வேர்டு இருக்கும்போது எடிட்டர் எதற்கு?
(ஜெராக்ஸ் கடைக்காரர், ராமாபுரம்)

கல்யாணப் பத்திரிகை, பயோடேட்டா, கலர் தலைப்பு என்றால் வேர்டு போதும். எழுதுவதுதான் வேலை என்றால் எடிட்டர். வேர்டு ஃபைலில் உங்கள் எழுத்தோடு எழுத்துரு, ஓரம், பக்க அளவு என்று பல சங்கதிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். எடிட்டர் எழுத்தை மட்டும் வைக்கும். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். ஒரு லட்சம் குறி கொண்ட குறுநாவல் மூன்று லட்சம் பைட். ஒரு எம்பியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எந்தக் கம்ப்யூட்டரும், எந்த போனும், எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல் அதைத் திறக்கும். இருபது வருஷம் கழித்தும் திறக்கும்.

கேள்வி: இந்தத் தமிழ் மூன்றாவது தலைமுறையோடு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. நான் கன்னடப் பள்ளி ஆசிரியை. கன்னடம் வேகமாக அடிப்பேன். தமிழ் பேசுவேன், எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அடிக்கத் தெரியாது. புதிதாக ஒரு கீபோர்டு கற்க வயதில்லை.
(ஆசிரியை, ஹனூர்)

டீச்சர், நீங்கள் கன்னடத்தை இன்ஸ்கிரிப்ட் முறையில் அடிப்பவரா? அப்படியானால் உங்களுக்குத் தமிழ் ஏற்கனவே அடிக்கத் தெரியும்!

இன்ஸ்கிரிப்ட் இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இந்திய அரசு வகுத்த அமைப்பு. கன்னட ‘க’ எந்த விசையோ தமிழ் ‘க’வும் அதே விசை. இங்கிலீஷ் கே-யில் இரண்டுக்கும் ‘க’, எல்-லில் ‘த’, சி-யில் ‘ம’, எச்-சில் ‘ப’. துணைக்கால் ஈ-யில். கன்னடத்தில் ஒத்து என்ற கூட்டெழுத்தை வரவழைக்க அழுத்தும் டி-தான் தமிழில் புள்ளி. ‘அம்மா’ என்று அடிக்க ஷிஃப்ட்டோடு டி, பிறகு சி, டி, சி, ஈ. கன்னடத்தில் இதே ஐந்தும் இதே வரிசையில். திரையில் வரும் எழுத்து மட்டும் மாறும். ஈமேக்ஸில் தமிழ் இன்ஸ்கிரிப்ட், கன்னட இன்ஸ்கிரிப்ட் இரண்டும் இருக்கின்றன, விண்டோஸிலும் இருக்கின்றன. கன்னடத்தின் வர்க்க எழுத்துகளுக்கான விசைகள் பெரும்பாலும் தமிழில் சும்மா கிடக்கும். ற, ன, ழ மூன்றுக்கும் மட்டும் விரலுக்குப் புதிய இடம் சொல்லித்தர வேண்டும்.

நுடி என்ற கன்னட மென்பொருளில் பழகியவர் என்றால் இது உதவாது. அதன் விசை வரிசை வேறு. அப்போது ஒலிபெயர்ப்பு முறையில் தொடங்குங்கள்: இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும்.

பயத்துக்குப் பதில்: வகுப்பில் உள்ள தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஒற்றுமையைக் காட்டுங்கள். கன்னடம் கற்ற விரல் தமிழும் எழுதும் என்று தெரிந்த பிள்ளை தமிழை விடாது.

கேள்வி: முழுக்கப் புதிதாகக் கற்பவனுக்கு எந்தத் தமிழ் கீபோர்டு?
(ஐ.டி.ஐ. மாணவர், கௌதள்ளி)

தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் முடிவானது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யில் பெரும்பகுதி வலது கைக்கு. ‘அப்பா’வுக்கு நாலே விசை: அ, ப, ப, ஆ. முதல் ப-வுக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். கொஞ்ச நாள் விரல் தடுமாறும், விடாதீர்கள் தம்பி.

கேள்வி: இருபது வருஷத்துப் பங்குத் திருவிழா மலர்கள் எங்களிடம் சிடியில் இருக்கின்றன. திறந்தால் கன்னாபின்னாவென்று இங்கிலீஷ் எழுத்து. எல்லாம் போய்விட்டதா?
(பங்கு மலர்க் குழுவில் ஒருவர், மார்டள்ளி)

போகவில்லை. பூட்டியிருக்கிறது, சாவி இருக்கிறது. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். தமிழ் ஊர்களில் பாதி வரலாறு இந்தப் பூட்டுக்குள் கிடக்கிறது.

அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துக்குத் தனி எண் தரும் யூனிகோடு அச்சகங்களில் புழங்கவில்லை. இங்கிலீஷ் எழுத்தின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தி எழுத்துரு செய்தார்கள். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தெரிவதற்கு ஃபைலுக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் நீங்கள் பார்த்த அந்தக் கன்னாபின்னா. முதல் வேலை, எந்த எழுத்துருவில் அடித்தார்கள் என்று கண்டுபிடிப்பது. அந்த அச்சகத்தில் வேலை பார்த்தவரைக் கேளுங்கள். நாளைக்கே கேளுங்கள்.

மாற்றுவதற்கு இணையத்தில் மாற்றிகள் உண்டு. ஆனால் இருபது மலர் என்றால் எடிட்டரே நல்லது, எல்லா ஃபைலையும் ஒரே அடியில் மாற்றலாம். ஓர் இடத்தில் கவனம் வேண்டும். பாமினியில் ‘கெ’ என்றால் முதலில் கொம்பு, பிறகு க. கண்ணுக்குத் தெரிகிற வரிசை. யூனிகோடில் முதலில் க, பிறகு கொம்பு. வாய்க்கு வருகிற வரிசை. வெறுமனே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் கொம்பு எல்லாம் முந்தைய எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ‘கொம்பு, அதற்குப் பின் ஒரு மெய், அதற்குப் பின் துணைக்கால்’ என்ற வடிவத்தைத் தேடி, மெய்யை முன்னால் தள்ளி மாற்றச் சொல்ல வேண்டும். இப்படி வடிவத்தைத் தேடும் வசதிக்கு ரெஜெக்ஸ் என்று பெயர். ஈமேக்ஸ், விம், நோட்பேட்++ ஆகிய மூன்று எடிட்டர்களிலும் உண்டு. மூன்று துண்டு கொண்ட கொ, கோ, கௌ முதலில். இரண்டு துண்டு கெ, கே, கை அடுத்து. தனி எழுத்து கடைசியில். வரிசை தப்பினால் வேலை இரட்டிப்பாகும்.

மாற்றி முடித்ததும் இரண்டு விஷயம் சரிபாருங்கள். ‘ஔ’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு ஔ போல நடிக்கும். ‘கொ’வில் ஒரே குறியாக வர வேண்டியது, கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாக இருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் கிடைக்காது. ஈமேக்ஸில் கர்சரை எழுத்தின் மேல் வைத்து கன்ட்ரோல்-எக்ஸ், பிறகு சமக்குறி அழுத்தினால் அங்கே இருக்கும் குறியின் எண்ணைச் சொல்லிவிடும்.

அசல் சிடியை மட்டும் தொடாதீர்கள். நகலில் வேலை செய்யுங்கள்.

கேள்வி: எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விடுகிறது. லேப்டாப்பில் பேட்டரி செத்துவிட்டது.
(கூட்டுறவுச் சங்க எழுத்தர், கோபிநத்தம்)

ஈமேக்ஸ் 300 விசைத் தட்டலுக்கு ஒருமுறை, அல்லது நீங்கள் 30 விநாடி சும்மா இருந்தால், சொல்லாமலே ஒரு நகல் எடுத்துவைக்கும். ஃபைல் பெயருக்கு முன்னும் பின்னும் # போட்டிருந்தால் அதுதான் அந்த நகல். கரண்ட் வந்ததும் ஃபைலைத் திறங்கள். இன்னும் புதிய நகல் ஒன்று இருக்கிறது, மீட்கவா என்று அதுவே நினைவூட்டும். போனால் நாலைந்து வரி போகும். பேட்டரியை மாற்றிவிடுவது அதைவிட நல்லது.

கேள்வி: விம் பெரிதா, ஈமேக்ஸ் பெரிதா?
(இன்ஜினீயரிங் மாணவர், கொள்ளேகால்)

இங்கிலீஷில் புரோகிராம் எழுத, தூரத்து சர்வரில் நுழைந்து ஒரு வரி திருத்த, விம். தமிழ் எழுத, ஈமேக்ஸ். மழுப்பாமல் காரணம் சொல்கிறேன்.

விம்மில் எழுதும் நிலை வேறு, கட்டளை நிலை வேறு. கட்டளை நிலையில் ஜே அழுத்தினால் கீழே இறங்கும். கம்ப்யூட்டரில் தமிழ்99 போட்டு எழுதிவிட்டு, மறந்துபோய் அதே கீபோர்டோடு கட்டளை நிலைக்கு வந்தால் ஜே அழுத்தும் இடத்தில் ‘ப’ போகும். விம்முக்கு ப என்றால் என்னவென்று தெரியாது. ஒவ்வொரு வரிக்கும் கீபோர்டை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். கீமேப் என்ற வசதியால் எழுதும் நிலைக்கு மட்டும் தமிழை வைக்கலாம், அதைச் செய்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி திரை. விம் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அளவுக் கட்டம் ஒதுக்கும். ‘ர’வும் ‘ணௌ’வும் ஒரே கட்டத்தில் அடங்குமா? தமிழ் நெருங்கியும் விலகியும் தெரியும். கவிதை எழுதுகிறவருக்கு அது கண் வலி.

கேள்வி: விம்முக்குக் காசு உண்டா?
(அதே மாணவரின் தம்பி)

கிடையாது. அதை 1991-ல் வெளியிட்ட நெதர்லாந்துக்காரர் பிராம் மோலேனார், பிடித்திருந்தால் உகாண்டாவில் உள்ள பிள்ளைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டார். விம்மை வெறுமனே திறந்தால் பல தடவை முதல் திரையிலேயே அந்த வேண்டுகோள் இருக்கும். அவர் 2023 ஆகஸ்டில் காலமானார். வேலையை மற்றவர்கள் தொடர்கிறார்கள்.

கேள்வி: எங்கள் பங்கின் சிறு குழுவான அன்பியத்தின் உறுப்பினர் பட்டியலை அகரவரிசைப்படுத்தச் சொன்னால் ஜோசப்பை தாமஸுக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கிறது. தப்பு யாருடையது?
(அன்பியப் பொறுப்பாளர், சந்தனபாளையம்)

யூனிகோடு அட்டவணை வரிசையுடையது. அதில் ஜ, ச-வுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ன, ந-வுக்குப் பக்கத்தில். ற, ர-வுக்குப் பக்கத்தில். இந்திய மொழிகளுக்குப் பொதுவாகப் போட்ட வரிசையில் தமிழைப் பொருத்தியதன் விளைவு. அதனால் ‘அன்னம்’ என்ற பெயர் ‘அப்பாவு’க்கு முன்னால் வரும். நம் வரிசையில் ப முந்தி, ன கடைசி.

குறியின் எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் சாஃப்ட்வேரில் இதைச் சகித்துக்கொள்ள வேண்டியதுதான். நான் வளையும் எடிட்டரைச் சொல்லிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான். ஈமேக்ஸில் ‘எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து’ என்று நீங்களே பட்டியல் கொடுத்து ஒரு சின்ன நிரல் எழுதி, அதை ஒரு விசைக்குக் கட்டிவிடலாம். உங்கள் பிள்ளை காலேஜில் படித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அதன்பின் உங்கள் கம்ப்யூட்டருக்குத் தொல்காப்பிய வரிசை தெரியும். கடைசியில் ஜ, ஷ, ஸ, ஹ.

கேள்வி: நிரல் எழுதத் தெரிந்தால்தான் ஈமேக்ஸா?
(தபால் ஊழியர், ஹனூர்)

வேண்டியதில்லை. எழுத்துரு அளவு, நிறம், எந்தத் தமிழ் கீபோர்டு, இவை எல்லாவற்றையும் மெனுவிலேயே மாற்றலாம். நிரல் வேண்டும் என்ற ஆசை தானாக வரும்போது பார்த்துக்கொள்ளலாம். லிஸ்ப் என்ற மொழி. 1958-ல் ஜான் மெக்கார்த்தி உருவாக்கியது, இன்றும் உயிரோடு இருக்கிறது.

கேள்வி: ஒவ்வொரு வருஷமும் திருநீற்றுப் புதன், குருத்து ஞாயிறு எந்தத் தேதி என்று காலண்டர் வரும்வரை காத்திருக்க வேண்டியுள்ளது. எடிட்டரில் காலண்டரும் இருக்கிறதாமே?
(மறைக்கல்வி ஆசிரியர், மார்டள்ளி)

இருக்கிறது. உயிர்ப்பு ஞாயிறு எந்தத் தேதி என்று அதுவே கணக்குப் போடும், எந்த வருஷம் கேட்டாலும். அதிலிருந்து 46 நாள் பின்னால் போனால் திருநீற்றுப் புதன், ஒரு வாரம் பின்னால் குருத்து ஞாயிறு, 49 நாள் முன்னால் போனால் தூய ஆவிப் பெருவிழா. இந்த விழாக்களில் சாதாரணமாகத் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி, உயிர்ப்பு மட்டும் காட்டும். கிறிஸ்தவ விழாக்கள் எல்லாவற்றையும் காட்டு என்ற அமைப்பை ஒருமுறை மாற்றிவிட்டால் மற்றவையும் வரும்.

இன்னொன்றும் சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்கும். மாதத்தின் முதல் வெள்ளி. டைரி ஃபைலில் ஒரே ஒரு வரி எழுத வேண்டும்: எல்லா மாதமும், கிழமை எண் 5, முதலாவது. ஞாயிறு 0 என்று எண்ணினால் வெள்ளி 5. அந்த ஒரு வரி எல்லா வருஷத்துக்கும் செல்லும். பக்கத்தில் ‘முதல் வெள்ளி, நோயாளிகளுக்கு நற்கருணை’ என்று தமிழிலேயே குறித்துவையுங்கள்.

கேள்வி: அமாவாசை காட்டுமா?
(பூக்கடைக்காரர், மாதேஸ்வரன் மலை)

காட்டும். காலண்டரில் நின்று பெரிய எம் அழுத்துங்கள். மூன்று மாதத்துக்கு அமாவாசை, பௌர்ணமி, வளர்பிறை, தேய்பிறைப் பாதி எல்லாம் மணி நிமிஷத்தோடு வரும். அது காட்டும் நேரம் சூரியனும் சந்திரனும் ஒரே திசையில் சேரும் கணம். பஞ்சாங்கக் கணக்கில் அமாவாசைத் திதி முடிகிற நேரம். மலைக்குக் கூட்டம் எப்போது வரும் என்பதைத் திதி தொடங்கும் நேரத்தையும் பார்த்துத்தான் சொல்ல முடியும், அதற்குப் பஞ்சாங்கமே வழி. பூ வாங்கி வைக்க இது போதும்.

கேள்வி: 400 பேர் பெயர். ‘தொகை, பெயர், ஊர்’ என்று இருக்கிறது. ‘பெயர், ஊர், தொகை’ என்று மாற்ற வேண்டும். திருவிழாவுக்குள் முடியுமா?
(நன்கொடைக் கணக்கு எழுதுபவர், மார்டள்ளி)

டீ குடிப்பதற்குள் முடியும். முதல் வரியின் தொடக்கத்தில் நின்று எஃப்3. இனி நீங்கள் செய்வதை எல்லாம் ஈமேக்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும். தொகையை வெட்டி, வரியின் கடைசிக்குப் போய் ஒட்டி, அடுத்த வரியின் தொடக்கத்துக்கு வாருங்கள். எஃப்4. பார்த்தது போதும் என்று அர்த்தம். இப்போது மறுபடி எஃப்4 அழுத்தினால் இரண்டாவது வரி தானே மாறும். ‘ஃபைல் முடியும்வரை செய்’ என்று சொல்லவும் வழி உண்டு: கன்ட்ரோல்-யு, பூஜ்யம், எஃப்4. முதல் ஐந்தாறு வரியை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துவிட்டு மீதியை விடுங்கள். எங்காவது தொகைக்குள்ளேயே கமா இருந்தால் அந்த வரி குழம்பும். பணக் கணக்கு என்பதால் கடைசியில் கூட்டுத் தொகையைப் பழைய பட்டியலோடு ஒத்துப் பாருங்கள்.

கேள்வி: ஈமேக்ஸுக்குள் டாக்டர்கூட இருக்கிறாராமே?
(செவிலியர், ராமாபுரம்)

1966-ல் ஜோசஃப் வைசன்பாம் எழுதிய எலைசா என்ற நிரலின் வாரிசு. நீங்கள் சொன்னதையே திருப்பிக் கேட்கும், அதுவும் இங்கிலீஷில் மட்டும். காய்ச்சலுக்கு உங்களிடம்தான் வர வேண்டும், சிஸ்டர்.

கேள்வி: கன்ட்ரோல் அழுத்தி அழுத்திச் சுண்டுவிரல் வலிக்கிறது.
(டேட்டா என்ட்ரி வேலை, கொள்ளேகால்)

உண்மையான தொல்லை. கேப்ஸ் லாக் விசையை இன்றைக்கே கன்ட்ரோலாக மாற்றுங்கள், லினக்ஸ், மேக் இரண்டிலும் அமைப்புகளிலேயே செய்யலாம். தமிழ் அடிப்பவருக்கு கேப்ஸ் லாக்கால் எந்த லாபமும் இல்லை. மாற்றிய பிறகும் வலித்தால் ஒரு வாரம் ஓய்வு, அதற்கும் அடங்காவிட்டால் வைத்தியர்.

கேள்வி: கம்ப்யூட்டரே இல்லை, போன்தான். எனக்கு ஒன்றும் இல்லையா?
(கல்குவாரித் தொழிலாளி, மார்டள்ளி, இப்போது பெங்களூரில்)

இருக்கிறது அண்ணே. ஆண்ட்ராய்டில் மார்க்கர் என்ற ஆப் இலவசம். வெறும் எழுத்தாக ஃபைலில் எழுதும், யாருடைய சர்வருக்கும் அனுப்பாது. 2025 பிப்ரவரியில் வந்த 30-ஆம் பதிப்பிலிருந்து ஈமேக்ஸே ஆண்ட்ராய்டில் ஓடுகிறது, ஆனால் தொடுதிரையில் அது கஷ்டம், புளூடூத் கீபோர்டு வாங்கும்வரை மார்க்கரே போதும். செலவுக் கணக்கு, ஊருக்கு அனுப்பிய தொகை, பிள்ளைக்குச் சொல்ல நினைத்தது, எல்லாம் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் எழுதியது ஓடிப்போகும். ஃபைலில் எழுதியது நிற்கும்.

கேள்வி: ஆர்க் மோடு, ஆர்க் மோடு என்கிறார்களே, அது என்ன?
(இன்ஜினீயரிங் மாணவர், கொள்ளேகால்)

ஆம்ஸ்டர்டாமில் வானியல் ஆராய்ச்சியாளரான கார்ஸ்டன் டொமினிக் தன் குறிப்புகளை ஒழுங்குபடுத்த 2003-ல் தொடங்கியது. இன்று ஈமேக்ஸோடு சேர்ந்தே வருகிறது. வரியின் முதலில் ஒரு நட்சத்திரம் போட்டால் தலைப்பு, இரண்டு போட்டால் உள்தலைப்பு. டேப் அழுத்தினால் மடங்கும், விரியும். செய்ய வேண்டியது, செய்து முடித்தது, கெடு தேதி எல்லாம் அதே ஃபைலில். முந்நூறு பக்க எழுத்தையும் பத்துத் தலைப்பாக மடித்து வைத்துப் பார்க்கலாம். நீளமாக எழுதுகிறவர்களுக்கு நான் ஈமேக்ஸைச் சொல்ல இது ஒன்றே போதும்.

குறையும் சொல்கிறேன். அதில் தமிழில் அட்டவணை போட்டால் கோடு நேராக நிற்காது. முன்பு சொன்ன கட்டப் பிரச்சினையேதான். வீஅலைன் என்ற சேர்ப்பைப் போட்டால் நேராகும்.

கேள்வி: வி.எஸ். கோட்?
(ஐ.டி.ஐ. மாணவர், கௌதள்ளி)

நல்லது. 2015-லிருந்து மைக்ரோசாஃப்ட் தருகிறது, கற்பது சுலபம். உங்கள் லேப்டாப்பில் 2 ஜிபி ராம்தான் என்றால் திணறும். ஈமேக்ஸ் அதில் தாராளமாக ஓடும்.

கேள்வி: கதை எழுதுகிறேன். எழுத்தாளர்கள் யாராவது இப்படி எடிட்டரில் எழுதுகிறார்களா, இல்லை இது இன்ஜினீயர் வேலையா?
(சிறுகதை எழுதுபவர், மார்டள்ளி)

நீல் ஸ்டீஃபன்சன் என்ற அமெரிக்க நாவலாசிரியர் 1999-ல் ஈமேக்ஸைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தன் பெரிய நாவல்களை வேர்டுஸ்டார் 4.0-ல், இணையம் இல்லாத பழைய டாஸ் கம்ப்யூட்டரில் எழுதுகிறார். சாஃப்ட்வேர் தன் வார்த்தையைத் திருத்துவது அவருக்குப் பிடிக்கவில்லை. உங்களுக்கும் அந்தச் சுதந்திரம் வேண்டும். உங்கள் ஊர்த் தமிழில் கன்னடச் சொல் கலந்து வரும். எந்தச் சாஃப்ட்வேரும் அதன் கீழே சிவப்புக் கோடு போட்டு உங்களை அதட்டக் கூடாது. எடிட்டரில் பிழைதிருத்தி நீங்கள் கூப்பிட்டால்தான் வரும். கதையை மார்டள்ளித் தமிழிலேயே எழுதுங்கள்.

கேள்வி: ஏ.ஐ. எழுதித் தரும் காலத்தில் எடிட்டர் எதற்கு?
(பெயர் இல்லை, மைசூர்)

அது எழுதியதைத் திருத்த ஓர் இடம் வேண்டும். உங்கள் பாட்டி எந்த வருஷம் எந்த ஊரிலிருந்து மார்டள்ளிக்கு வந்தார் என்பதை அதனால் எழுதித் தரவும் முடியாது.

கேள்வி: இதை எல்லாம் உருவாக்கியது யார்?
(எட்டாம் வகுப்பு மாணவன், சந்தனபாளையம்)

1976-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் ஸ்டால்மன், கை ஸ்டீல் போன்றவர்கள் ஈமேக்ஸைத் தொடங்கினார்கள். அதே வருஷம் கலிஃபோர்னியாவில் பில் ஜாய் ‘விஐ’ எழுதினார். விம் அதன் வாரிசு. இன்று எல்லோரும் பயன்படுத்தும் குனு ஈமேக்ஸை ஸ்டால்மன் 1985-ல் வெளியிட்டார், எவரும் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கலாம் என்ற உரிமையோடு. உனக்கும் அந்த உரிமை உண்டு கண்ணா.

கேள்வி: சரி, தொடங்குகிறேன். எங்கிருந்து?
(பி.காம். மாணவி, மார்டள்ளி, இரண்டாவது கடிதம்)

கன்ட்ரோல்-எச், பிறகு டி. ஈமேக்ஸே பாடம் நடத்தும், படித்துக்கொண்டே அதே பக்கத்தில் செய்து பார்க்கலாம். மாட்டிக்கொண்டால் கன்ட்ரோல்-ஜி, எதையும் ரத்து செய்யும். முதல் வாரம் திறப்பது, சேவ் செய்வது, தேடுவது, செய்ததைத் திரும்பப் பெறுவது, தமிழுக்கு மாறுவது, இவ்வளவு போதும்.

அந்தப் பாடம் சுமார் ஆயிரம் வரி. பிரெஞ்சில் இருக்கிறது, கொரிய மொழியில் இருக்கிறது, தாய்லாந்து மொழியில் இருக்கிறது, எஸ்பெராண்டோவில்கூட இருக்கிறது. நான் பார்த்த பதிப்புகளில் தமிழிலும் இல்லை, கன்னடத்திலும் இல்லை. மார்டள்ளியில் இரண்டும் தெரிந்தவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறீர்கள். பாடத்தை முடித்ததும் ஒரு நாளைக்குப் பத்து வரி மொழிபெயர்க்கத் தொடங்குங்கள், ஹனூர் டீச்சரையும் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் ஐம்பது வரி முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், படித்துத் திருத்தித் தருகிறேன்.